நாற்பத்தேழாம் எண்

அந்த வருஷம் பெருமழை பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து கருத்து ஏறிவரும் மேகம் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலையில் மண் கொத்துக்குப் பதமாக இருக்கும். ஹெஸ்பொன் ஒகும்பே எழுபத்தொரு வயதிலும் தன் சோளத்துக்குத் தானே களை கொத்தினார். கூலி ஆள் வைத்தால் பயிரையும் சேர்த்துக் கொத்திவிடுவான் என்பது அவர் கட்சி. கொத்தும்போதும் தலையிலிருந்து தொப்பி இறங்காது.

பருத்தி ஆலை நடந்த காலத்தில் இருபத்தாறு வருஷம் அங்கே எடை போட்டவர் அவர். மூட்டையைத் தராசில் ஏற்றி அவர் ஓர் எண்ணைச் சொன்னால் விற்பவனும் வாங்குபவனும் வாய் திறக்காமல் கலைவார்கள். ஆலை மூடிப் புல் முளைத்த பிறகும் அந்த மரியாதை மிச்சமிருந்தது. கடேரோ வட்டாரத்தில் அவரை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. பெரியவர்களுக்கு உரிய 'ஜாதுவோங்' என்ற சொல்தான்.

"மூணு சனிக்கிழமை ஆச்சு," என்றாள் அடுத்த வரிசையில் குனிந்திருந்த ரிஸ்பா. "அமோலோ வரவேயில்ல."

"வேலை இருக்கும்."

"வேலை எப்பத்தான் இல்ல? போன மாசம் வரைக்கும் வந்து ஒமேனா மீனை டப்பா டப்பாவா வறுத்து வாங்கிக்கிட்டுப் போனாளே."

"டாக்டர் பட்டம்னா சும்மாவா? நீ என்னமோ பேன் பாக்குற வேலை மாதிரி பேசுற."

"அஞ்சு வருஷமா இதையேதான் சொல்றீங்க. நான் அவளைப் பத்து மாசத்துல பெத்துட்டேன்."

ஒகும்பே அடுத்த களையைக் கொத்தினார். மூத்த மகளைப் பற்றி ஊரில் பேசும்போது ஒருவிதமாகவும் மனைவியிடம் பேசும்போது வேறுவிதமாகவும் அவருக்குப் பேச வராது. நகரத்து ஆய்வு நிலையத்தில் மலேரியாவைப் பற்றி ஆராய்கிறாள், பல்கலைக்கழகம் அவளுக்கு டாக்டர் பட்டம் தரப்போகிறது. இதைச் சொல்லும்போது அவர் கழுத்து இரண்டு விரல்கடை நீளும்.

அவள் ஆராய்ச்சி ஊருக்கே தெரிந்ததுதான். ஏழு வட்டாரங்களில் நூற்று நாற்பது பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம், ஒவ்வொரு பிள்ளையின் விரலிலும் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பிள்ளைக்குப் பேர் கிடையாது, எண்தான். பேரும் எண்ணும் சேர்ந்த புத்தகம் பெட்டியில் பூட்டியிருக்கும். ஆராய்கிறவள் அதைப் பார்க்கக் கூடாது. யார் பிள்ளை என்று தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும் என்பதால் அப்படி ஒரு விதி. ஆராய்கிறவளின் சொந்தக்காரப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் தேவாலயக் கொட்டகையில் ஊரைக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டியவர் ஊர்க் குழுத் தலைவரான ஒகும்பேயேதான். படித்து முடித்துத் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கடேரோவிலேர்ந்து முப்பத்தொரு பிள்ளைங்க. நடுவுல ஒண்ணுகூடக் கழண்டுக்காது. இது ஒகும்பே வாக்கு."

சிவப்புச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரப்போரம் வந்து நின்றது. ரத்தம் எடுக்க வரும் சிலாஸ். அவனைக் கண்டதும் வீட்டு வாசலிலிருந்து பேத்தி அவோர் ஓடிவந்து, யாரும் கேட்காமலே இடது கை நடுவிரலை நீட்டினாள். நாலு வயது. பெற்றவர்கள் மொம்பாசாவில் பிழைக்க, இவள் இங்கே வளர்கிறாள்.

"பாருங்க ஜாதுவோங், வரி வசூலுக்கு வந்தவனைப் பாக்குற மாதிரி கையை நீட்டுறா!" சிலாஸ் சிரித்தான். "எல்லாம் முடிஞ்சுபோச்சு கண்ணு. ஆனா உன்கிட்ட மட்டும் இன்னும் ஒரு சொட்டு பாக்கி."

ஒகும்பேயின் கொத்து மண்ணில் நின்றது. "என்ன பாக்கி?"

"நாற்பத்தேழாம் நம்பர்ல ஒரு குழப்பம். ரத்தத்துல ஒரு வகை இருக்கில்லையா, பொறக்கும்போது எப்படியோ சாகும்போதும் அப்படித்தான். அரிவாள் மாதிரி வளைஞ்ச அணு முழுசா இருந்தா நோய். பாதி இருந்தா நோய் இல்ல, மலேரியா வந்தாலும் ஆளைச் சாய்க்காது. இந்தப் பிள்ளைக்கு முதல் மூணு தடவை அரிவாளே இல்ல. நாலாவதுலேர்ந்து பாதி அரிவாள். அது எப்படி நடக்கும்?"

"எப்படி நடக்குமாம்?"

"ஆய்வுக்கூடத்துல ட்யூபை மாத்திட்டாங்கன்னுதான் பேச்சு. லேபிள் ஒட்டுற வஞ்சாலாவோட கையா, உங்க மக கையான்னு தெரியல. ஒண்ணு மாறுனா இன்னும் எத்தனை மாறுச்சோ? ஆயிரத்து நூத்தி இருபது ட்யூபையும் திரும்ப முதல்லேர்ந்து பண்றாங்க. பட்டம் அந்தரத்துல நிக்குது." சிலாஸ் பையைத் திறந்து பஞ்சை எடுத்தான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "முதல் மூணு தடவை எனக்கு முன்னாடி இருந்த ஆள் எடுத்தது. நான் நாலாவதுலதான் வந்தேன். கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நடுவுல பிள்ளை எதுவும் மாறலையே?"

"என் வார்த்தையைத் தராசுல வைக்கிறியா நீ?"

சிலாஸ் பதறிப்போனான். "ஐயோ, இல்ல ஜாதுவோங்! எழுதணும்னு சொன்னாங்க, கேட்டேன். உங்க ஊர்ல கேக்க வேண்டிய அவசியமே இல்லன்னு எழுதிக்கறேன்."

அவன் குத்தினான். அவோர் அழவில்லை. பழகிவிட்டாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாமே பெரியவரைத் தாத்தா என்பதால் அவள் "தாத்தா, பாரு ரத்தம்" என்றபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டி போன பிறகும் ரிஸ்பா நிமிர்ந்த இடுப்போடு அப்படியே நின்றாள்.

நடந்தது இதுதான். நாற்பத்தேழாம் எண் பக்கத்து வீட்டுப் பெர்பெத்துவாவின் மகள் அகோத். மூன்றாம் தடவை ரத்தம் எடுத்த பின் பெர்பெத்துவா குடும்பத்தோடு நைவாஷாவுக்குப் பூப்பண்ணை வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது பிள்ளையின் எண் போட்ட அட்டையைக் கொடுத்து, "அவங்ககிட்டச் சொல்லிருங்க ஜாதுவோங்" என்றாள். ஒகும்பேயும் சொல்லத்தான் இருந்தார். ஆனால் புதிதாக வந்த சிலாஸ் வண்டியை விட்டு இறங்கும்போதே, "மத்த வட்டாரத்துல எல்லாம் பத்து, பதினஞ்சுன்னு கழண்டுருச்சு. நீங்கதான் மானத்தைக் காப்பாத்தணும். முப்பத்தொண்ணும் இருக்கில்ல?" என்று கேட்டான். மடியில் அவோர் உட்கார்ந்திருந்தாள். அகோத் வயதுதான். "இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது, கை அகோத்தின் அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கி அவருக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் களி கிண்டும்போது ரிஸ்பா பேச்செடுத்தாள். சோள மாவுக் களி இறுகி வரும்போது அவளுக்கும் பேச்சு இறுகி வரும்.

"அமோலோவோட அப்பா."

"ம்."

"நாலாவது தடவை, ஒரு தடவைதானேன்னு சும்மா இருந்தேன். அஞ்சாவது தடவை, பெரியவர் ஏதாவது வச்சிருப்பார்னு சும்மா இருந்தேன். இன்னிக்கு அந்தப் பையன் நேருக்கு நேரா கேட்டான். நீங்க பொய் சொல்லல. அதைவிட மோசமா, அவனை வெக்கப்பட வச்சு அனுப்புனீங்க."

"ஊருக்கு முன்னாடி சொன்ன எண்ணு அது."

"யாரு எண்ணுனா? எந்தப் பொம்பள தண்ணிக்குப் போற வழியில நின்னு, 'ஏன்டி, ஒகும்பே ஊர்ல முப்பத்தொண்ணா முப்பதா'ன்னு கேட்டா?"

"உனக்குப் புரியாது."

"புரியுது." கிண்டிய களியைத் தட்டில் கவிழ்த்தாள். "உங்க சொல்லு உங்களுக்கு மூத்த பிள்ளை. அமோலோ ரெண்டாவதுதான்."

அவர் சாப்பிட்டார். ஏரி மீன் குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, இஸ்திரி போட்ட கோட்டும் தொப்பியுமாக மட்டாட்டு மினிபஸ்ஸில் ஏறினார். மடியில் ரிஸ்பா கட்டிக்கொடுத்த தூக்கு. மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆய்வு நிலையத்தில் அவரை எதிர்கொண்டு அழைத்தவன் வஞ்சாலா. ஐம்பதைத் தாண்டியவன், பக்கத்து லூயா இனத்து ஆள், வெள்ளை அங்கியில் முழங்கை நூலாகியிருந்தது. கண்ணாடித் தடுப்பு வரை கூட்டிப்போய், "அதோ உங்க மக" என்றான்.

அமோலோ பனிக்கட்டித் தட்டின் முன் குனிந்திருந்தாள். இடக்கையில் சுண்டுவிரல் நுனியளவு ட்யூப். வலக்கையில் பிப்பெட். கட்டைவிரலால் அழுத்தி உறிஞ்சினாள், விட்டாள், முனையைக் கழற்றி எறிந்தாள், புது முனை மாட்டினாள். ட்யூபின் எண்ணை உதடு அசையப் படித்தாள், எழுதினாள், அடுத்ததை எடுத்தாள். ஒகும்பே ஐம்பது வரை எண்ணினார். ஐம்பதிலும் அந்தக் கை ஒன்றுபோலவே போய்வந்தது. தராசு முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். அவளும் அடக்கிக்கொண்டாள்.

"காலைல ஆறரைக்கு வர்றா," என்றான் வஞ்சாலா. "நானும் பண்றேன்னா விடமாட்டேங்கறா. ஒரே கை பண்ணணுமாம். அப்பத்தான் தப்பு யார் கையோடதுன்னு தெரியுமாம்."

"உன் கைன்னு சொல்றாங்களாமே?"

"லேபிள் ஒட்டுனவன் நான்தானே, கேள்வி முதல்ல என்கிட்டத்தான் வரும். இருபத்திரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட மாத்தி ஒட்டுனதில்ல. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா எவன் பண்ணுவான்? ஒருநாள் தூக்கக் கலக்கம் இருந்திருக்கலாம்." அவன் சிரிக்கப் பார்த்தான். "ஜூன்ல எனக்கு வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அதுவரைக்கும் சோறு இறங்காது போல."

ஜகரண்டா மரத்தடியில் அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது, மேலே வறுத்த ஒமேனா. அமோலோ இடக்கையால் அள்ளினாள். வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது.

"இங்க பாருங்கப்பா." பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். சாம்பல் நிறப் பலகை, அதில் ஒன்பது பத்திகள். "மின்சாரத்தை விட்டா ரத்தம் இப்படிக் கோடு கோடாப் பிரியும். முதல் மூணுல ஒரு கோடு. அடுத்த அஞ்சுல ரெண்டு கோடு. போன வாரம் சிலாஸ் புதுசா எடுத்தது கடைசி, அதுலயும் ரெண்டு. ஆக, பிள்ளைக்கு ரெண்டு கோடுதான். முதல் மூணும் வேற யாரோட ரத்தமோ. அந்த மூணு தடவையும் பெட்டியில அடுக்குனது நான்."

"அதனால?"

"நாளைக்குக் கூட்டம். என் தப்புன்னு எழுதிக் குடுக்கப்போறேன். இன்னும் ஒரு வருஷம் ஆகும், இல்ல பட்டமே இல்லாம போகும். போகட்டும். ஒகும்பே மக செஞ்ச தப்புக்கு வஞ்சாலா வேலை போகக் கூடாது." ஒரு மீனைத் தலையோடு கடித்தாள். "நீங்கதான் ஊர்ல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பீங்கன்னு இத்தனை வாரமா யோசிச்சேன். அதான் வீட்டுக்கே வரல."

ஒகும்பே தூக்கின் மூடியை எடுத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மூணும் சரி," என்றார். "அஞ்சும் சரி."

"என்னப்பா?"

"உன் ட்யூப் எதுவும் மாறல. பிள்ளைதான் மாறுச்சு. மாத்துனவன் நான்."

அமோலோ எழுந்து நின்றுவிட்டாள். "யாரு..." என்று தொடங்கியவள் சட்டென்று இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள். "வேண்டாம், பேரைச் சொல்லாதீங்க! எனக்குத் தெரியக் கூடாது. அது விதி."

"இதை எப்படிச் சொல்லாம இருக்கறது? நம்ம வீட்டுப் பிள்ளை."

அவள் நீட்டிய கை கீழே இறங்கியது. "அவோரா?"

அவர் தலையசைத்தார்.

அவள் புல்லில் உட்கார்ந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "நாற்பத்தேழு," என்றாள் கைக்குள்ளிருந்தே. "ஆறு மாசமா அந்த ரத்தத்தோடதான்ப்பா குடும்பம் நடத்துறேன். கிருமி உள்ள போனா வளரவே முடியாம திணறும். 'எவ்வளவு அழகான ரத்தம், யார் பெத்த பிள்ளையோ'ன்னு வஞ்சாலாகிட்டச் சொன்னேன். நம்ம அவோரா!"

பிறகு கையை எடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவ அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"வீட்டுக்குப் பெரியவன் நான்."

"ஆறு தடவை ஊசிப்பா! கேக்கணும். கையெழுத்து வாங்கணும். அந்தத் தாளை ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டுனதே நீங்கதானே! 'உங்க பிள்ளை, உங்க விருப்பம், எப்ப வேணும்னாலும் விலகலாம்'னு சொன்னது உங்க வாய்தானே!"

மகள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. அதட்ட வேண்டும் என்று அவருக்கு வாய் வரை வந்தது. அதட்ட ஒன்றுமில்லை. முதுகு மட்டும் பழக்கத்தால் நிமிர்ந்தபடியே இருந்தது.

"உங்க பேராசிரியர் எங்க?" என்றார்.

பேராசிரியர் நெக்கேசா மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட அம்மாள். நாற்காலி போட்டும் ஒகும்பே உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றி நின்றபடியே மாதம், நாள், யார் மடி, எந்த விரல் என்று எடைச் சீட்டு வாசிப்பதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னார். முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள்.

"என்ன எழுதறீங்க?"

"நாற்பத்தேழாம் எண்ணில், நாலாம் தடவையிலிருந்து வேறொரு பிள்ளையின் ரத்தம். காரணம், ஊரில் ஒருவர் பிள்ளையை மாற்றி உட்காரவைத்தது. அந்த அஞ்சையும் நீக்கிடறோம்."

"ஒருவர்னா யாரு? பேரை எழுதுங்க. ஹெஸ்பொன் ஒகும்பே."

"பேர் எழுதறதில்லைங்க ஐயா."

"செஞ்சவன் நானு. செய்யாத வஞ்சாலாவுக்குப் பேர் இருந்துது, எனக்கு இல்லையா? பேரில்லாத தப்பு அனாதை மாதிரி. எவன் வீட்டு வாசல்ல வேணும்னாலும் போய் நிக்கும்."

"ஜாதுவோங்." அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க பேரை எழுதுனா, நாளைக்கு இதே மாதிரி செஞ்ச இன்னொருத்தர் வந்து சொல்லுவாரா? எனக்கு யாருன்னு வேண்டாம். எத்தனைன்னுதான் வேணும். அதான் இப்ப என் பயம். நீங்க ஒருத்தர்தானா?"

அது அவருக்கு உறைத்தது. ஒன்றுகூடக் கழன்றுகொள்ளாது என்று ஊர் முன்னால் நின்று சொன்னவர் அவர். அந்தச் சொல் எத்தனை வீட்டுக் கூரையை அழுத்தியதோ?

"குழுத் தலைவர் பதவிக்கு வேற ஆளைப் பாருங்க," என்றார். "ஆனா மிச்ச முப்பது வீட்டுக்கும் சிலாஸோட நான் போறேன். உங்க ஆள் தனியா போய்க் கேட்டா என்னை மாதிரிதான் பதில் சொல்லுவாங்க."

வெளியே வஞ்சாலா நின்றிருந்தான். ஒகும்பே அவன் முன்னால் போய், கழற்றிய தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உன் கை சுத்தம்," என்றார். "என்னை மன்னிச்சுக்கோ."

அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வாயைத் திறந்தான். "எங்க லூயா ஆளுங்களைக் கோழித் திருடனுங்கம்பீங்க. நீங்க பிள்ளையையே மாத்திட்டீங்களே, ஜாதுவோங்!"

"இனிமே எந்த லூயாவையும் எதுவும் சொல்லமாட்டேன்."

"ரெண்டு நாள் தாங்குமா பாப்போம்."

மூன்று நாள் நடந்தார்கள். மழைக்கு முந்திய காலை நேரங்களில் சிலாஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டுவர, ஒகும்பே முன்னால் போவார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. "நான் ஹெஸ்பொன் ஒகும்பே. பெர்பெத்துவா மக போனதுக்கப்புறம் என் பேத்தியை உக்காரவச்சு ஊரை ஏமாத்துனேன். சொல்லிட்டுப் போக வந்தேன்." சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வயதான ஒருவர், "இதுக்காடா சேத்துல நடந்து வந்தே, உள்ள வந்து டீ குடி" என்றார். ஆலைக் காலத்தில் தகராறு செய்த ஒருவர் மட்டும், "அப்ப என் பருத்தியும்..." என்று இழுத்தார். ஒகும்பே கழுத்து விறைத்தது. "அது சரியான எடை," என்றார். "இது மட்டும்தான் தப்பு." அந்த ஆள் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அதையும் விழுங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

இரண்டாம் நாள் ஒரு வீட்டில், அவர் சொல்லி முடித்த பிறகும் அந்த வீட்டுப் பெண் வாசலை விட்டு நகரவில்லை. பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பினாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "நீங்க ஒண்ணுகூட விலகக் கூடாதுன்னீங்க," என்றாள். "என் பையன் ஒரு தடவை அவன் மாமன் வீட்டுக்குப் போயிருந்தான். பயந்துட்டு அவன் அண்ணனைக் காட்டிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்களோன்னு..."

சிலாஸ் அவரைப் பார்த்தான். ஒகும்பே அங்கிருந்த முக்காலியை இழுத்து அவளிடம் தள்ளினார். "உக்காரும்மா. என்னாலதான் செஞ்சே. எந்தத் தடவைன்னு மட்டும் யோசிச்சு இவன்கிட்டச் சொல்லு. நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவர் திரும்பி வந்து சேற்றுக் காலைக் கழுவும்போது, அமோலோ அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீங்கிய விரலில் வெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவோர். அவோரின் அம்மாவிடம் மொம்பாசாவுக்குப் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது முந்தின நாளே முடிந்திருந்தது.

"எத்தனைப்பா?" என்றாள் அமோலோ.

"என்னுதைச் சேர்த்து மூணு. மிச்சம் இருபத்தெட்டு சரியா இருக்கு."

அவள் கண்ணை மூடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். "தாங்கும்," என்றாள் மெதுவாக. "இந்த ரெண்டும் ரத்த வகையில காட்டிக்கொடுக்கவே இல்லப்பா. அப்படியே என் ஆராய்ச்சிப் புத்தகத்துல ஏறியிருக்கும். ஆறு மாசம் தள்ளும், அவ்வளவுதான்."

"இன்னும் ரெண்டு பேரா?" ரிஸ்பா துடுப்பைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். "யாரு? ஒருத்தி அந்தக் கிணத்தடி வீட்டுக்காரிதானே? நான் அப்பவே நினைச்சேன். இன்னொருத்தி யாரு?"

"பேரெல்லாம் கேக்காத."

"அடேயப்பா! உங்க பேரை மட்டும் மூணு நாளா முப்பது வாசல்ல தண்டோரா போட்டீங்க?"

"என் பேரு, நான் சொன்னேன்." ஒகும்பே தட்டின் முன் உட்கார்ந்தார். "அவங்க பேரு அவங்களோடது."

ரிஸ்பா மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்து, "என்னைப் பாக்காதம்மா, எனக்கும் தெரியக் கூடாது" என்றாள். ஒகும்பே களியைப் பிட்டு மீன் குழம்பில் தொட்டு வாயில் போட்டார்.

"உப்பு தூக்கலா இருக்கு," என்றார்.